கையில் வந்து சேர்ந்த பழைய கதிரை: வயதையும் வரலாற்றையும் தேடுவது எப்படி

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பழைய வீட்டை இடித்து மாடி கட்டப் போகிறார்கள் என்றால், சாமான்களில் முதலில் கைமாறுவது கதிரைகள்தான். அலுமாரியை இறக்க நாலு பேர் வேண்டும். கதிரையை ஓட்டோவிலேயே ஏற்றிவிடலாம். அப்படி ஒன்று உங்கள் வீட்டுக்கு வரும்போது கூடவே ஒரு கதையும் வரும். "இது ஒல்லாந்தர் காலத்துக் கதிரை", "தாத்தா தோட்டத்துத் துரையிடம் வாங்கினது", "இருநூறு வருஷமாவது இருக்கும்." கதை உண்மையாகவும் இருக்கலாம். அதைச் சோதித்துப் பார்க்க விசேஷப் படிப்போ விலை கூடிய கருவியோ தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் பாதித் தூரம் போய்விடலாம்.

தொடங்கும் முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். வடிவத்தைப் பார்த்து வயது சொல்லாதீர்கள். மொரட்டுவையில் தச்சுவேலை தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ஒல்லாந்தர் கால வடிவம், விக்டோரியா கால வடிவம் எதைக் கேட்டாலும் இன்றைக்கும் செய்து தருவார்கள், அதுவும் நன்றாகவே செய்வார்கள். அதனால் வடிவம் உங்களுக்குச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இந்தக் கதிரை இந்தக் காலத்துக்கு முந்தியது அல்ல. எவ்வளவு பிந்தியது என்பதை ஆணியும் ஸ்குரூவும் வாள் தடமும் பிரம்புத் துளையும் மரமும் சொல்லும். யாருடையது என்பதைக் கடதாசியும் ஆட்களும் சொல்வார்கள். இந்த வரிசையை மாற்றினால் கதைதான் மிஞ்சும்.

பெரிய பெரிய ஆட்களே இதில் ஏமாந்திருக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வோல்போல், நெருக்கமாகப் பூவேலை செதுக்கி, முறுக்குக் கால் வைத்த கருங்காலிக் கதிரைகளைத் தேடித் தேடி வாங்கித் தன் ஸ்ட்ரோபெரி ஹில் மாளிகையில் வைத்தார். அவை இங்கிலாந்தின் டியூடர் மன்னர் காலத்தவை என்பது அவருடைய நம்பிக்கை. பிற்பாடு ஆராய்ந்தால், அவை பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நம் சோழமண்டலக் கரையில் ஐரோப்பியருக்காகச் செய்யப்பட்டவை. நூறு ஆண்டுக்கு மேல் தவறு, நாடும் தவறு. வடிவத்தையும் செவிவழிக் கதையையும் மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும்.

கை வைக்கும் முன்

கதிரை வந்ததும் நம்மவர்களுக்கு வரும் முதல் யோசனை, "ஒரு பொலிஷ் போட்டால் பளபளவென்று இருக்கும்" என்பது. வேண்டாம். சாண்ட் பேப்பர் பட்ட இடத்தில் வாள் தடம் போய்விடும், பழைய மெருகு போய்விடும், ஒட்டியிருந்த லேபிள் போய்விடும். ஈரத்துணிகூட முதல் நாளில் வேண்டாம். உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். இருக்கையின் மெத்தை கிழிந்து தொங்கினாலும் அப்படியே விடுங்கள். அதற்குள் தேங்காய்த் தும்பு இருக்கிறதா, ஸ்பொஞ்ச் இருக்கிறதா என்பதும் ஒரு சாட்சிதான்.

தேவையான சாமான்கள்: டோர்ச், அளவு நாடா, பூதக்கண்ணாடி, ஒரு சின்னக் காந்தம், நிலத்தில் விரிக்க ஒரு பழைய பெட்ஷீட். படம் எடுக்கக் கைப்பேசி. முன்பக்கம், பின்பக்கம், இரு பக்கவாட்டு, அடிப்பக்கம் என்று எல்லாவற்றையும் முதலில் படம் எடுத்துவிட்டு அப்புறம் ஆராயுங்கள்.

உயரத்தையும் இப்போதே அளந்துவிடுங்கள். சாப்பாட்டு மேசைக் கதிரையின் இருக்கை பொதுவாக நிலத்தில் இருந்து 17, 18 அங்குலம் இருக்கும். அதைவிட நன்றாகக் குறைவாக இருந்தால், ஈரச் சீமெந்துத் தரையில் அடிக்கால் உக்கியோ கறையான் அரித்தோ யாரோ அறுத்துச் சமப்படுத்தியிருக்கலாம். இந்த ஊர்க் காற்றில் அது சாதாரணம்.

கவிழ்த்துப் பாருங்கள்

கதிரையின் முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள், அதனால் அதை எல்லோரும் திருத்தியும் இருப்பார்கள். அடிப்பக்கத்தை யாரும் தொடுவதில்லை. பெட்ஷீட்டை விரித்து, கதிரையை மெதுவாகத் தலைகீழாக வைத்து, டோர்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். அப்போதுதான் மேடு பள்ளம் நிழலாக எழும்பித் தெரியும்.

முதலில் நிறம். பழைய கதிரையின் அடியில் பொலிஷ் போட்டிருக்க மாட்டார்கள்; மரம் காய்ந்து, மங்கி, இடத்துக்கு இடம் வேறுபட்டிருக்கும். இருக்கைச் சட்டத்தின் உட்பக்கம் ஒரு நிறம், காற்றுப் படும் வெளிப்பக்கம் இன்னொரு நிறம். அடி முழுக்க ஒரே சீரான கபில நிறம் பூசியிருந்தால், யாரோ எதையோ மறைக்கப் பூசியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வாள் தடம். வளைந்த, ஒரே இடைவெளியில் அமைந்த வில் போன்ற கோடுகள் தெரிந்தால் அது வட்ட வாள், அதாவது இயந்திரம். ஐரோப்பாவிலேயே அது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பரவியது. நேராகவும் சற்றுத் தாறுமாறாகவும் கோடுகள் இருந்தால் கைவாள். ஆனால் வெளிநாட்டுப் புத்தகங்கள் இங்கே நம்மைக் குழப்பிவிடும். கைவாள் அறுப்பு என்றால் 1830க்கு முந்தியது என்று அவை எழுதும். இலங்கையில் குழி வெட்டி, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று மரம் அறுப்பது இருபதாம் நூற்றாண்டிலும் நடந்தது. ஒல்லாந்தர் காலம் 1796இலேயே முடிந்துவிட்டது. எனவே வட்ட வாள் தடம் இருந்தால் ஒல்லாந்தர் கதை முடிந்தது. கைவாள் தடம் இருந்தால் எதுவும் உறுதியாகவில்லை.

ஸ்குரூ இதைவிட நேர்மையான சாட்சி. நட்சத்திரத் தலை ஸ்குரூ 1930களில் வந்தது. அது கதிரையின் பிறவி உறுப்பாக இருந்தால் வயதின் மேல் எல்லை அங்கேயே நின்றுவிடும். பிற்காலப் பழுதில் போட்டதாகவும் இருக்கலாம், ஆகவே ஒன்றைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். எல்லா மூலையிலும் அதே ஸ்குரூதானா, சுற்றி வேறு பழைய துளை இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைக் கீறல் தலை ஸ்குரூவில் இரண்டு வகை உண்டு. கூர்முனை, சீரான புரி, தலையின் நடுவே அளவாக வெட்டிய கீறல் என்றால் அது 1850களுக்குப் பிந்தியது. முனை மொட்டையாகவும், புரி ஒழுங்கற்றும், கீறல் நடுவை விட்டு ஒதுங்கியும் இருந்தால் அதற்கு முந்திய கையரம் போட்ட வகையாக இருக்கலாம். முனையைப் பார்க்க ஸ்குரூவைக் கழற்ற வேண்டும். துருப்பிடித்து இறுகியிருந்தால் விட்டுவிடுங்கள், தலை உடைந்தால் மரமும் பிளக்கும். காந்தம் இங்கேதான் உதவும்: ஒட்டாவிட்டால் பித்தளை, ஒட்டினால் இரும்பு அல்லது மேலே பித்தளை முலாம் பூசிய இரும்பு.

ஆணியில் தலையும் உடம்பும் வட்டமாக இருக்கும் கம்பி ஆணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் பரவியது. சதுர உடம்பும் அடித்து ஒழுங்கற்ற தலையும் உள்ளது கொல்லன் அடித்த ஆணி. நல்ல பழைய கதிரைகளில் ஆணியே இருக்காது. ஒரு மரத்தின் முனையைச் செதுக்கி, மற்ற மரத்தில் வெட்டிய துளைக்குள் இறுக்கி, குறுக்கே மர ஆணி அடித்திருப்பார்கள். அந்த மர ஆணியின் தலையை விரலால் தடவிப் பாருங்கள். சுற்றியுள்ள மரம் காலப்போக்கில் சுருங்கிவிடுவதால் ஆணி மயிரிழை அளவு மேலே தள்ளி நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். புதுக் கதிரையில் இதைப் போலி செய்வது கஷ்டம்.

இதே சுருக்கத்தை இன்னொரு வழியில் அளக்கலாம். கடைச்சல் பிடித்த வட்டமான காலோ குறுக்குச் சட்டமோ செய்த அன்று சரியான வட்டமாக இருக்கும். மரம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்காது. ஆண்டுவளையத்தின் போக்கில் கூடச் சுருங்கும், அதற்குக் குறுக்கே குறையச் சுருங்கும். ஆகவே பழைய கால் சற்று நீள்வட்டமாகிவிடும். வீட்டில் ஏ.எல். பௌதிகவியல் படிக்கும் பிள்ளை இருந்தால் அதன் வேணியர் இடுக்கியை வாங்கி, ஒரே இடத்தை இரண்டு திசையில் அளந்து பாருங்கள். எல்லாக் காலும் எந்தத் திசையில் அளந்தாலும் ஒரே எண் காட்டினால் சந்தேகப்படலாம்.

பிரம்பு பின்னிய இருக்கை என்றால் சட்டத்தைச் சுற்றியுள்ள துளைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பிரம்பு சில பத்து வருடத்தில் தொய்ந்து அறுந்துவிடும். பழைய கதிரை பல தடவை பின்னப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் பழைய பிரம்பைக் குத்தி எடுத்து, ஆப்பு அடித்து, புதிதை இழுத்து இழுத்துத் துளையின் உள்விளிம்பு வழவழவென்று தேய்ந்திருக்கும், சில இடத்தில் பக்கத்துத் துளையோடு சேர்ந்து பிளந்தும் இருக்கும். துளைக்குப் பதிலாகச் சுற்றிவர ஒரு காடி வெட்டி, தறியில் நெய்த பிரம்புத் தகட்டை அதற்குள் அழுத்திப் பட்டி அடித்திருந்தால் அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிக்கு முந்தியது அல்ல. பிரம்பு புதிது என்பதற்காகக் கதிரையைப் புதிது என்று சொல்லிவிடாதீர்கள். இருக்கையைவிடச் சட்டம்தான் முக்கியம்.

தேய்மானத்துக்கும் நியாயம் இருக்க வேண்டும். கையின் முனை, முன் குறுக்குச் சட்டத்தில் கால் ஊன்றும் இடம், பின்னால் சுவரில் சாயும் முதுகுமேல் விளிம்பு, அடிக்காலின் பின் ஓரம் இங்கெல்லாம் தேய்ந்திருந்தால் மனிதர் இருந்து எழும்பிய கதிரை. யாருடைய கையும் காலும் படாத இடத்தில் சுத்தியலால் தட்டியது போலத் தழும்பு இருந்தால் கடைக்காரர் வயது ஏற்றியிருக்கிறார். பூச்சித் துளைகளும் அப்படியே. துளையில் இருந்து வெள்ளை மா கொட்டினால் உளு இப்போதும் உள்ளே வேலை செய்கிறது. அது வயதுக்குச் சான்று அல்ல, வைத்தியத்துக்கு அவசரம். உடனே மற்ற மரச் சாமான்களில் இருந்து பிரித்து வையுங்கள்.

கடைசியாக, எழுத்து ஏதாவது இருக்கிறதா என்று இருக்கைச் சட்டத்தின் உட்பக்கத்தை நிதானமாகத் தேடுங்கள். உளியால் கீறிய ரோமன் எண்கள் கிடைக்கலாம். ஆறு, பன்னிரண்டு என்று தொகுதியாகச் செய்த கதிரைகளில் எந்த இருக்கை எந்தச் சட்டத்துக்கு என்று தச்சர் போட்ட அடையாளம் அது. சட்டத்தில் ஐந்து, கழற்றும் இருக்கையில் மூன்று என்று இருந்தால் எங்கோ மாறிவிட்டது, அல்லது இரண்டு கதிரையைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள். சி.ஜி.ஆர்., பி.டபிள்யூ.டி. போன்ற முத்திரை இருந்தால் ரயில்வேயிலோ பொதுவேலைத் திணைக்களத்திலோ இருந்து ஏலத்தில் வந்த சாமானாக இருக்கலாம். கடை லேபிளில் நாட்டின் பெயர் சிலோன் என்று இருந்தால் பெரும்பாலும் 1972 மே மாதத்துக்கு முந்தியது. அந்த மாதம் 22ஆம் திகதிதான் நாடு அதிகாரபூர்வமாக ஸ்ரீ லங்கா ஆனது.

என்ன மரம்?

பொலிஷுக்கு மேலே பார்த்து மரம் சொல்லாதீர்கள். அடிப்பக்கத்தில் அல்லது ஏற்கெனவே சிதைந்த ஒரு மூலையில் பாருங்கள்.

கருங்காலியை எடையே காட்டிக்கொடுக்கும். தண்ணீரில் போட்டால் தாழும் மரம் அது. வேறு மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றிக் கருங்காலி என்று விற்பது பழைய தந்திரம். உடைந்த விளிம்பில் உள்ளே மஞ்சளோ கபிலமோ தெரிந்தால் விஷயம் முடிந்தது. களுமெதிரிய என்ற கலமண்டர், கபில நிறத்தில் கருங்கோடுகள் ஓடும் அழகான மரம். வெட்டி வெட்டியே காட்டில் அரிதாகிப்போனது. அதில் முழுக் கதிரை கிடைத்தால் கண்ட கண்ட தச்சுப் பாஸிடம் பழுதுக்குக் கொடுக்காதீர்கள். முதிரை நமக்குப் பழக்கமானது, வன்னிக் காடுகளில் இருந்து வந்த மஞ்சள் மரம். கதிரையை வெளிச்சத்தில் மெல்லச் சாய்த்தால் பட்டுத் துணியில் ஓடுவது போல் ஒரு மினுக்கம் இழையில் நகரும், அதை வேறு மரத்தோடு குழப்ப முடியாது. பலா வெட்டிய புதிதில் பளிச்சென்ற மஞ்சள், வருடம் போகப் போகச் செங்கபிலமாகக் கறுக்கும். நெதுன் ஆழ்ந்த கபிலம், இழை நெருக்கம்; தெற்கில் செய்த நல்ல வீட்டுத் தளபாடங்களில் நிறைய வரும்.

தேக்கைத் தொட்டால் சற்று எண்ணெய்ப் பிடிப்பு இருக்கும். அது இந்த நாட்டுக் காட்டு மரம் அல்ல; ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவந்து நட்டார்கள், பிரித்தானியர் காலத்தில் பர்மாத் தேக்கும் கப்பலில் வந்தது. யாழ்ப்பாணத்து வீடுகளில் இருந்து வந்த கதிரை என்றால் வேம்பு, பூவரசு, முதிரை ஆகியவற்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மஹோகனி இங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் நடப்பட்டது. அதற்கு முந்திய மஹோகனிச் சாமான் என்றால் மரமோ கதிரையோ வெளியில் இருந்து வந்திருக்க வேண்டும். வெளிறிய ரப்பர் மரம் என்றால் கவலையே வேண்டாம், அண்மைக்காலத்துத் தொழிற்சாலைக் கதிரை.

மரம் தெரியாவிட்டால் பழைய மரச் சாமான் திருத்தும் ஒரு தச்சரிடம் காட்டுங்கள். வயது விஷயத்தில் அவர் சொல்வதைச் சந்தேகிக்கலாம். மரம் விஷயத்தில் அவர் கை பொய் சொல்லாது.

வடிவத்தைக் கண்ணுக்குப் பழக்குவது

படத்தில் பார்ப்பது போதாது. நல்ல வேளையாகக் கொழும்பிலேயே பார்க்க இடம் உண்டு.

1877இல் திறந்த தேசிய அருங்காட்சியகத்தில் கண்டி அரசரின் சிம்மாசனம் இருக்கிறது. 1690களின் முற்பகுதியில் ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் ரீ, இரண்டாம் விமலதர்மசூரிய மன்னருக்குக் கொடுத்த பரிசு அது. 1815இல் கண்டி வீழ்ந்தபோது பிரித்தானியர் எடுத்துப்போய், 1934இல் திருப்பித் தந்தார்கள். கையின் இடத்தில் சிங்கங்கள் இருக்கின்றன. ஆனால் அடிப்படை வடிவம் அக்கால ஐரோப்பிய அரண்மனைக் கதிரை. யார் கொடுத்தது, யாருக்கு, எங்கே போய் எப்போது வந்தது என்று எல்லாம் ஆவணத்தோடு இருக்கும் ஒரு இருக்கை. வரலாறு முழுதாகத் தெரிந்த கதிரை என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இந்த ஊரில் இல்லை.

அதே வான் ரீ குடியிருந்த வீடுதான் புறக்கோட்டை பிரின்ஸ் வீதியில் உள்ள ஒல்லாந்தர் அருங்காட்சியகம். ஒல்லாந்தர் காலத் தளபாடங்கள் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. திறந்திருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொண்டு போங்கள். அந்தத் தெருவில் லொறிக்கும் மூட்டை தூக்கும் நாட்டாமைகளுக்கும் நடுவே நுழைந்து போய்த் திரும்பி வருவது லேசான காரியம் அல்ல. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வுல்வெண்டால் தேவாலயம், 1757இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் உள்ளே இருக்கும் பழைய கதிரைகள், கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டியவை அல்ல என்பதால், கிட்ட நின்று பார்க்கலாம். அனுமதி கேட்டுவிட்டுப் பாருங்கள்.

இவற்றில் கண் பழகினால் ஒரு குத்துமதிப்பான வரிசை மனதில் விழும். பதினேழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி: முதுகு தாழ்ந்த, முறுக்குக் கால் வைத்த, இடைவெளி விடாமல் செதுக்கிய கருங்காலிக் கதிரைகள். அதற்குச் சற்றுப் பிந்தியது பர்கோமாஸ்டர் கதிரை என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற வட்டக் கதிரை: வட்டமான பிரம்பு இருக்கை, பெரும்பாலும் ஆறு கால், வளைந்த முதுகில் செதுக்கிய நீள்வட்டத் தட்டுகள், கால்களை இணைக்கும் சட்டங்கள் வண்டிச் சக்கரத்து ஆரம் போல. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கால்கள் முழங்கால் போல் வளைந்து, முதுகின் நடுவே பூச்சாடி வடிவில் ஒரு பலகை நிற்கும். பாதம் சிலதில் பந்தைப் பற்றிய நகம். நூற்றாண்டின் முடிவில் மறுபடி நேர்க்கோடு, மெலிந்த நேர்க் கால்.

1796இல் கொழும்பு பிரித்தானியர் கைக்குப் போனபின் வாள் போல் முன்னோக்கி வளைந்த கால், அப்புறம் விக்டோரியா காலத்தின் தடித்த, கடைச்சல் பிடித்த, வரிவரியாகக் குடைந்த கால். காலி நகரில் கருங்காலியில் பூவும் இலையுமாகச் செதுக்கிய கதிரைகள் இந்தக் காலத்தில்தான் கப்பல் பயணிகளுக்கு விற்கப்பட்டன. கை நீண்டு, அதன் அடியில் இருந்து கால் போடும் பலகை வெளியே திரும்பும் தோட்டத்துரைக் கதிரையும் இந்தக் காலத்துப் பிள்ளைதான்; நம் வீடுகளில் சாய்மனைக் கதிரை என்று விறாந்தையில் கிடப்பதில் பாதி அதன் வாரிசு. இவை இன்றுவரை செய்யப்படுகின்றன, ஆகவே சாய்மனைக் கதிரையின் வயதை வடிவத்தால் சொல்லவே முடியாது. 1930களில் வந்த அகலக் கை, பெட்டி போன்ற உடல், வட்டமாக்கிய மூலை எல்லாம் ஆர்ட் டெக்கோ பாணி. கொழும்பில் அதிகமாகக் கிடைப்பவற்றில் அவையும் அடங்கும், ஆனால் யாரும் அவற்றை மதிப்பதில்லை. என் கணக்கில் இப்போது தேடி வைக்க வேண்டியது அவற்றைத்தான்.

வளைத்த மரக் கதிரை தனி இனம். பழைய சாப்பாட்டுக் கடை, டிஸ்பென்சரி, படப்பிடிப்பு நிலையம் எங்கும் இருந்த அந்த மெல்லிய வட்ட இருக்கைக் கதிரையின் மூலம் வியன்னாவின் தோனெட் கொம்பனி 1859இல் கொண்டுவந்த 14ஆம் இலக்கக் கதிரை. ஆறு மரத்துண்டு, பத்து ஸ்குரூ, இரண்டு நட். கழற்றி அடுக்கினால் ஒரு கனமீட்டர்ப் பெட்டியில் 36 கதிரை. அதனால்தான் உலகம் முழுக்கக் கப்பலேறியது. 1869இல் அவர்களின் தனியுரிமை முடிந்ததும் கோன் போன்ற பிற கொம்பனிகளும் செய்தன. இதில் வேலை சுலபம்: இருக்கை வளையத்தின் உட்பக்கத்தில் சுட்ட முத்திரையோ கடதாசி லேபிளோ தேடுங்கள். நாடு ஒஸ்ரியா என்று இருந்தால் பெரும்பாலும் முதலாம் உலகப் போருக்கு முந்தியது. செக்கோஸ்லோவாக்கியா என்று இருந்தால் 1918க்குப் பிந்தியது, ஏனெனில் அதற்கு முன் அப்படி ஒரு நாடே இல்லை.

யாருடைய கதிரை?

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "இது எந்த வருஷத்துக் கதிரை?" என்று கேட்டால், மரியாதைக்கு ஒரு எண் சொல்லுவார்கள். இடத்தையும் ஆளையும் வைத்துக் கேளுங்கள். "பெரியம்மா, நீங்கள் கலியாணம் முடிச்சு வரேக்க இது விறாந்தையில கிடந்ததோ, உள்ளுக்க கிடந்ததோ?" "ஆர் இதில இருக்கிறவை? பிள்ளையளை ஏற விடுவினமோ?" இப்படிக் கேட்டால் ஞாபகம் தானாக அவிழும். "அது அப்பு பென்சன் எடுத்து வந்த வருஷம் ஏலத்தில எடுத்தது" என்று ஒரு வாக்கியம் வந்தால், பென்சன் எடுத்த வருஷத்தை வேறு கடதாசியில் கண்டுபிடிக்கலாம். ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடம் சொல்லாமல் தனித்தனியாகக் கேளுங்கள்.

அப்புறம் படங்கள். 1983 கலவரத்திலும் அதற்குப் பிந்திய இடப்பெயர்வுகளிலும் ஆல்பங்களைத் தொலைத்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ. ஆனால் லண்டனுக்கும் டொரொண்டோவுக்கும் முன்பே கடிதத்தோடு அனுப்பிய பிரதிகள் அங்கே யாரோ ஒருவரின் அலுமாரியில் இருக்கும். குடும்பக் குழுவில் கதிரையின் படத்தைப் போட்டு, "இது பின்னால் தெரியும் பழைய படம் யாரிடமாவது இருக்கிறதா" என்று கேளுங்கள். கலியாணப் படம், பிறந்தநாள், செத்தவீடு எதுவும் சரி. ஒன்றில் மட்டும் கவனம்: பின்னால் திரைச்சீலையும் பூச்சாடியும் தெரிந்தால் அது ஸ்டூடியோவில் எடுத்த படம். அதில் இருக்கும் கதிரை ஸ்டூடியோக்காரருடையது, தாத்தாவுடையது அல்ல.

கடதாசிகளில் சீதன உறுதியையும் மரண சாசனத்தையும் பாருங்கள். காணி, நகையோடு வீட்டுச் சாமானையும் சிலர் எழுதியிருப்பார்கள். ஓரளவு சொத்துள்ளவர் இறந்தபின் மாவட்ட நீதிமன்றத்தில் நடந்த மரண சாசன வழக்கு இருந்தால், அதில் அசையும் சொத்துகளின் பட்டியல் இருக்கக்கூடும். "கதிரை 6, மேசை 1" என்று வறட்சியாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்தத் திகதியில் அந்த வீட்டில் ஆறு கதிரை இருந்தது என்பது உறுதியாகிவிடும். கொழும்புக் குடும்பம் என்றால் புதுக்கடை நீதிமன்றப் பதிவேடு பற்றி ஒரு சட்டத்தரணி மூலம் விசாரிப்பது நல்லது.

லேபிளில் கடையின் பெயர் கிடைத்தால் வேலை இன்னும் இலகு. உதாரணமாக, டொன் கரோலிஸ் தளபாடக் கொம்பனி 1860இல் தொடங்கியது. அநகாரிக தர்மபாலவின் தந்தையுடைய வியாபாரம் அது. அந்தப் பெயர் இருந்தால் கதிரை 1860க்கு முந்தியது ஆகாது. கடையின் முகவரி எந்தெந்த ஆண்டில் எந்த வீதி என்று பார்க்க பெர்குசன் டைரக்டரி என்ற பழைய வருடாந்தத் தொகுப்புகள் உதவும். தேசிய அருங்காட்சியக நூலகத்திலும் ரீட் அவெனியூவில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலும் கேட்டுப் பாருங்கள். ஒல்லாந்தர் கால நிர்வாக ஆவணங்களும் சுவடிகள் திணைக்களத்தில்தான் இருக்கின்றன. பழைய டச்சு மொழியில் என்பதால் அது புதியவர்களுக்கான வேலை அல்ல. 1845இல் தொடங்கிய ரோயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் நூலகமும் கொழும்பு 7இல் உண்டு. ஒல்லாந்தர் காலக் கதிரைகளை வகை பிரித்து எழுதிய பழைய கட்டுரைகளை அதன் சஞ்சிகைகளில் தேடலாம்.

எழுதி வைப்பதும் அதற்குப் பின்னும்

ஒரு கொப்பியை எடுத்து மூன்று தலைப்புப் போடுங்கள்: கண்ணால் கண்டது, மற்றவர் சொன்னது, நான் ஊகிப்பது. "பின் சட்டத்தில் வட்ட வாள் தடம்" முதலாவதில். "பெரியம்மா சொல்வதன்படி 1948க்கு முன் வாங்கியது" இரண்டாவதில், சொன்னவரின் பெயரும் திகதியும் சேர்த்து. மூன்றாவது தலைப்பில் ஒரே ஒரு ஆண்டை எழுத வேண்டாம்; "1880க்கும் 1920க்கும் இடையில்" என்பது போல ஒரு வீச்சை எழுதுங்கள். காலில் ஒரு காலம், கையில் ஒரு காலம் என்று சாட்சிகள் முரண்பட்டால் மிகப் பிந்தியதைத்தான் முதலில் விளக்க வேண்டும்: அது பழுதா, பிறவியா?

பழுது பார்க்கத்தான் வேண்டும் என்றால், முதலில் மேற்பூச்சு என்னவென்று பாருங்கள். மறைவான இடத்தில் பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட் தொட்டு வையுங்கள். பிசுபிசுத்துக் கரைந்தால் அரக்குப் பொலிஷ், பழைய முறை; அதையே மறுபடி ஏற்றலாம். அசையாமல் இருந்தால் பிற்கால வார்னிஷ். ஆடும் மூட்டுக்கு ஆணி அடிக்க விடாதீர்கள். கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். தச்சர் "புதுக் கால் போட்டுத் தாறன்" என்றால், பழைய காலைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் உள்ள சகோதரருக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் அவசரப்பட வேண்டாம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, தொல்பொருள்களை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. உங்கள் கதிரை அந்த வரையறைக்குள் வருமா என்பதை நீங்களோ விற்றவரோ தீர்மானிக்க இயலாது; தொல்பொருள் திணைக்களம்தான் சொல்ல வேண்டும். அலுவலகம் கொழும்பு 7இல், தேசிய அருங்காட்சியகத்துக்குக் கிட்ட. கொப்பியையும் படங்களையும் கொண்டுபோய் விண்ணப்பித்து, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவுஸ்திரேலியாவுக்கு என்றால் மரச் சாமானுக்குப் பூச்சிக் கட்டுப்பாட்டு விதிகளும் கடுமை. அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு அதன்பிறகு ஷிப்பிங் ஏஜென்டிடம் போங்கள்.